பாழ்மனையும் படைப்பும்: கைவிடப்பட்ட குடியிருப்புகளும் நிறுவல் கலையும் - ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் மனை என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், இல்லாளையும் குறிக்கும். இல் என்னும் சொல்லும் அவ்வாறே. குடி என்பதோ வாழும் இடம், குடும்பம், குலம், ஊரார் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. கட்டடத்தையும் அதில் வாழ்வாரையும் வேறு பிரித்துக் காணாத மொழி நம் மொழி. வாழ்வார் நீங்கிய வீட்டை நம் முன்னோர் வீடு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பாழ் என்னும் அடையொன்று சேர்த்துப் பாழ்மனை என்றனர்.

முற்காலத்தில் பாழ்மனை ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்திருக்கலாம். இன்று நூறு வீடுகள், ஆயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்புகள் ஒருசேரக் காலியாகின்றன. ஆலை மூடப்படுதல், கட்டடம் பழுதுறுதல், நகர விரிவாக்கம், போர் என அதற்குக் காரணங்கள் பல. இவ்வாறு கைவிடப்பட்ட குடியிருப்புகளைக் களமாகவும் கருப்பொருளாகவும் கொண்டு நவீனக் கலைஞர்கள் பல படைப்புகளை உருவாக்கியுள்ளனர். அவற்றுள் சிலவற்றை அறிமுகப்படுத்தி, அவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது என ஆராய்ந்து, அவ்வளவுகோல் கோவை மாநகர மாணவர்க்கு எங்ஙனம் பயன்படும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் பாழ்

பாழ்பட்ட குடியிருப்பைப் பாடுபொருளாக்குதல் நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை மட்டும் பாடவில்லை. கரிகாலனின் பகைவர் நாடு பாழான காட்சியையும் விரித்துரைக்கிறது. விழா நிகழ்ந்த மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் படர்கின்றன, நரி ஊளையிடுகிறது, நெற்கூடுகள் நிறைந்திருந்த மனைகளில் பட்டப்பகலில் கூகை குழறுகிறது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நெடுஞ்செழியனின் பகைவர் நாடு அழிந்ததைப் பாடுகிறார். வென்ற மன்னனுக்கே நிலையாமையை உணர்த்தும் நூலாகவும் அதனை அமைக்கிறார். அகநானூற்றின் பாலைத்திணைப் பாடல்களில், ஊரார் நீங்கியதால் பலியிடுவாரின்றிக் கடவுளும் நீங்கிப்போன பொதியில்கள் காட்சி தருகின்றன. மக்கள் இல்லாத இடத்தில் தெய்வமும் தங்குவதில்லை என்னும் அக்கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது.

அரபு இலக்கியத்திலும் இதற்கு ஒப்பான மரபொன்று உண்டு. இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்து நெடும்பாடல்களாகிய முஅல்லகாத் தொகுப்பில், கவிஞன் பாலைவனப் பயணத்தில் காதலியின் குலத்தார் கூடாரமடித்து வாழ்ந்து நீங்கிய இடத்தைக் காண்கிறான், ஒட்டகத்தை நிறுத்துகிறான், எஞ்சிய அடுப்புக்கற்களையும் மழைநீர்க் காலையும் நோக்கிக் கலங்குகிறான். அச்சுவடுகளை அத்லால் என்பர். ஆறாம் நூற்றாண்டினராகிய இம்ரவுல் கைஸின் புகழ்பெற்ற பாடல் இத்தகைய தொடக்கத்தை உடையது. பிற்காலக் கவிஞர் பலர் இதனை ஒரு மரபாகவே போற்றினர்.

தமிழ்ப் புலவரும் அரபுக் கவிஞரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். எனினும் இருவரிடத்தும் ஒரு பொதுமை காணப்படுகிறது. இடிந்த சுவரின் அழகில் அவர்கள் மயங்கவில்லை. இங்கு வாழ்ந்தவர் எங்கே என்பதே அவர்தம் வினா. இவ்வினாவை நினைவிற் கொண்டு நவீன கலைக்கு வருவோம்.

நிறுவல் கலையும் நிகழ்த்துகலையும்

ஓவியத்தை எதிரே நின்று காண்கிறோம். சிற்பத்தைச் சுற்றி வந்து காண்கிறோம். ஓர் இடத்தையே கலைப்பொருளாக மாற்றி அமைத்து, காண்போரை அதனுள் நுழையச் செய்வது நிறுவல் கலை. இதனைத் தாபனக் கலை, நிர்மாணக் கலை என்றும் எழுதுவர். கலைஞர் தம் உடலையும் குரலையும் காலத்தையுமே கருவியாகக் கொண்டு, காண்போர் முன்னிலையில் ஒரு செயலை நிகழ்த்துவது நிகழ்த்துகலை. நம் நாட்டுப்புறவியலார் கூத்தையும் ஆட்டத்தையும் இச்சொல்லால் குறிப்பர். இங்கே அச்சொல் இன்னும் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது.

இச்சொற்கள் புதியனவாயினும் பொருள் நமக்கு அயலானதன்று. திரௌபதி அம்மன் விழாவில் பதினெட்டாம் போர் நாளன்று மண்ணால் துரியோதனனின் பேருருவைத் தரையில் கிடத்தி, அதன்மீதே கூத்தர் போரை நிகழ்த்துவதை வட தமிழகத்தார் அறிவர். கொங்கு நாட்டில் உடுக்கடிக் கதையாகப் பாடப்படும் அண்ணமார் வரலாற்றில், படுகளம் விழுதலும் எழுப்புதலும் மக்களே தம் உடலால் நிகழ்த்தும் நிகழ்வுகளாகும். ஒரு குறிப்பிட்ட மண், அம்மண்ணில் நேர்ந்த இழப்பு, அதனை ஊரார் கூடி மீண்டும் நிகழ்த்திப் பார்த்தல் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. நவீன நிறுவல் கலை செய்ய விழைவதும் ஏறத்தாழ இதுவே.

இலண்டன் நகரச் சான்றுகள்

கைவிடப்பட்ட குடியிருப்புகள் கலைப்பொருளானதற்கு இலண்டன் மாநகரில் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றுள் நான்கினைக் காண்போம்.

முதலாவது, ரேச்சல் வைட்ரெட் என்னும் சிற்பியின் வீடு என்னும் படைப்பு. கிழக்கு இலண்டனில் குரோவ் சாலையில் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, ஒரு வீடு மட்டும் எஞ்சி நின்றது. சிற்பி அவ்வீட்டின் உட்புறத்தைச் சிமெண்டுக் கலவையால் பூசி நிரப்பி இறுகச் செய்தார். பின்னர்ப் புறச்சுவர்களை அகற்றினார். மக்கள் மூச்சுவிட்டு வாழ்ந்த வெற்றிடமே திண்பொருளாகி வெளியே நின்றது. அடுப்புமாடம் புடைத்த வடிவில் காட்சியளித்தது. 1993 அக்டோபரில் நிறைவுற்ற இப்படைப்பு அவ்வாண்டு நவம்பரில் அவருக்கு டர்னர் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. பரிசு அறிவிக்கப்பட்ட அதே நாளில் அதனை இடிக்கவும் உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தது. 1994 சனவரி 11 அன்று அது தரைமட்டமாயிற்று. வீட்டுக்கு நேர்ந்த கதி வீட்டின் படிமத்துக்கும் நேர்ந்தது.

இரண்டாவது, ரோஜர் ஹியோர்ன்ஸ் 2008இல் அமைத்த படைப்பு. தெற்கு இலண்டனில் இடிக்கப்படவிருந்த மாநகராட்சிக் குடியிருப்பு ஒன்றில், ஒரு வீட்டின் உட்புறத்தை நீர் கசியாவண்ணம் அடைத்து, ஏறத்தாழ 75,000 லிட்டர் மயில்துத்தக் கரைசலை அதனுள் நிரப்பினார். சில வாரங்களுக்குப்பின் நீரை வடித்தபோது சுவர், கூரை, குளியல்தொட்டி யாவும் நீலப் படிகங்களால் மூடப்பட்டு ஒளிர்ந்தன. உழவர் பயிர் நோய்க்குப் பயன்படுத்தும் அதே மயில்துத்தம், வறியோர் வாழ்ந்த வீட்டை நீலக் குகையாக்கிவிட்டது. அது பின்னர்ப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 2013 முதல் யார்க்ஷயர் சிற்பப் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. காண்போர் வியந்தனர். எனினும் அந்நீலப் பளபளப்பில் அங்கே சமைத்தவரும் உறங்கியவரும் யாவர் என்பது மறைந்துபோயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, நடைபெறாமற்போன ஒரு திட்டம். தெற்கு இலண்டனில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட ஹேகேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. நகரச் சீரமைப்பின் பெயரால் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். காலியான கட்டடம் ஒன்றின் இடிபொருள்களைக் கொண்டு பிரமிடு ஒன்றை எழுப்பும் திட்டம் மைக் நெல்சன் என்னும் கலைஞரால் 2013இல் முன்வைக்கப்பட்டது. வீடிழந்த மக்கள் சிலர் அதனை எதிர்த்தனர். தாம் துரத்தப்பட்ட இடம் பிறருக்குக் காட்சிப்பொருளாவதை அவர்களால் ஏற்க இயலவில்லை. திட்டம் நிறைவேறவில்லை. கலைஞரின் நோக்கம் தீயதென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் வாழ்ந்தவரின் உடன்பாடு இல்லாத இடத்தில் கலை எளிதில் காலூன்ற இயலாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நான்காவது, ஹாகர்ஸ்டன் குடியிருப்பு. இது 1930களில் கட்டப்பட்டது. இதில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகுந்தோறும் சன்னல்களை ஆரஞ்சு நிறப் பலகைகளால் அடைத்தனர். வழிப்போக்கர் அதனைக் கண்டு அங்கு ஒருவரும் இல்லை என்றே கருதினர். உள்ளேயோ பல குடும்பங்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தன. அக்குடியிருப்பிலேயே வாழ்ந்த கலைஞர் சிலர் 2009இல் ஆரஞ்சுப் பலகைகளை அகற்றி, அவற்றின் இடத்தில் குடியிருப்போரின் பெரிய நிழற்படங்களைப் பொருத்தினர். நான் இங்கே இருக்கிறேன் என்பது அப்படைப்பின் பெயர். வெறுமையான சன்னல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முகம் தெருவை நோக்கியது. அவர்களுள் ஒருவராகிய ஆந்திரேயா லூகா சிம்மர்மன், குடியிருப்பின் இறுதி ஆண்டுகளை அம்மக்களோடு சேர்ந்து படமாக்கினார். அக்கட்டடங்களின் பெயர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனோடு தொடர்புடையவை. ஆகவே குடியிருப்போரே பழங்கால உடையணிந்து அந்நாவலின் பாத்திரங்களாக நடித்துக் காட்டினர். 2015இல் வெளிவந்த அப்படத்தில் நிகழ்த்துகலையும் ஆவணமும் ஒன்றாயின. கட்டடம் 2014இல் இடிக்கப்பட்டது, முகங்கள் எஞ்சின.

இந்நான்கனையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். முதலாவது படைப்பு வெற்றிடத்தை உருவாக்கிக் காட்டியது. இரண்டாவது அழகாக்கியது. மூன்றாவது மக்களின் மறுப்பைச் சந்தித்தது. நான்காவது மட்டுமே அங்கு வாழ்ந்தவரைப் பேசவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தோம்பு

தமிழ் பேசும் மக்களின் வாழ்விலிருந்தே எழுந்த சான்று யாழ்ப்பாணத்தில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனனின் படைப்புகளே அவை.

அவற்றின் பின்னணியைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டு நீங்கினர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. பெரும்பாலோர் புத்தளம் பகுதி முகாம்களில் தஞ்சமடைந்தனர். சோனகத் தெருவின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் கூரையிழந்து பாழ்பட்டுக் கிடந்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் இறுதியில், இராணுவ நடவடிக்கையின்போது வலிகாமத்துத் தமிழர் பல இலட்சம் பேர் ஓரிரவில் ஊர் நீங்கினர். உயர் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வீடுகள் வேலிக்கப்பால் நின்று அழிந்தன. துரத்தியவர் யார், துரத்தப்பட்டவர் யார் என்பது மாறி மாறி வந்தது. வீட்டுத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வேற்றூரில் வாழும் நிலை மட்டும் இரு சமுதாயத்தார்க்கும் ஒன்றாயிற்று.

1981இல் எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004ஆம் ஆண்டு அகம்-புறம் என்னும் கலைக்காட்சி நடைபெற்றது. சங்க இலக்கியம் பயில்வோர்க்கு அப்பெயரே பொருள் பொதிந்ததாகும். அங்கே சனாதனன் அமைத்த நிறுவல் படைப்பு, யாழ்ப்பாணத்து மக்களிடமிருந்து பெற்ற பொருள்களால் ஆனது. போர்க்காலத்தில் அவர்கள் இழக்காமற் காத்த, அல்லது இழப்பின் அடையாளமாக வைத்திருந்த எளிய பொருள்கள் அவை. நூல்கள் எரிந்த இடத்தில் மக்களின் பொருள்களே நூல்களாயின.

2011இல் வெளிவந்த அவருடைய தோம்பு நூல் இவ்வகையில் சிகரம் எனத்தக்கது. முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருளில் அதன் பெயர் அமைந்துள்ளது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் நில உடைமைகளைப் பதிந்து வைத்த அரசாங்கப் பதிவேடு. வரி கொள்வதற்காக ஆள்வோர் எழுதியது அது. சனாதனன் அதனைத் தலைகீழாக்கினார். இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். வரைபயிற்சி இல்லாதவர் கைகள் வரைந்த கோணற்கோடுகள் அவை. அவற்றோடு, கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படமும், ஓவியர் தாமே தீட்டிய சித்திரமும், வீட்டைப் பற்றி உரியவர் சொன்ன செய்தியும் சேர்க்கப்பட்டன. நூலோ அலுவலகக் கோப்பின் வடிவில் அமைந்தது.

இதன் நுட்பம் யாது? அளவு தெரிந்தவன் வரையும் படத்தில் அறைகள் அளவுப்படி இருக்கும். நினைவு வரையும் படத்திலோ கிணறு பெரிதாகும். மாமரம் சமையலறையைவிடப் பெரிதாகும். கதவு எப்பக்கம் திறந்தது என்பது மறவாது நிற்கும். சட்டப்படியான ஆவணம் வீட்டின் விலையைச் சொல்லும். இத்தோம்போ வீட்டின் மதிப்பைச் சொல்கிறது. அரசின் பதிவேட்டில் இடம்பெறாத உரிமையைக் கலைஞர் ஒருவர் பதிவேடாக்கித் தந்தார். முற்றுப்பெறாதது என்று பெயரிட்டமை அவருடைய நேர்மைக்குச் சான்று. இழந்த வீடுகள் அனைத்தையும் ஒரு நூல் அடக்க இயலாது.

தமிழகமும் கோவையும்

சென்னைப் பெருநகரில் ஆற்றங்கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த ஏழை மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். 2020இல் அக்குடியிருப்பின் சுவர்களில் பெரும் ஓவியங்கள் தீட்டப்பட்டு அது கலை வட்டாரம் எனப் பெயர் பெற்றது. சுவர்கள் வண்ணம் பெற்றதில் அங்குள்ள சிறுவர்கள் மகிழ்ந்திருப்பர். அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் வேறோர் இடத்தில் ஒரு வீட்டை இழந்து வந்தது. புதிய சுவரில் ஓவியம் உண்டு. பழைய இடத்தின் தோம்பு எங்கே?

இனி நம் ஊருக்கு வருவோம். கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளோடு தொழிலாளர்க்கான லைன் வீடுகளும் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், புலியகுளம் வட்டாரங்களில் ஆலைச் சங்கொலி கேட்டே கடிகாரம் திருத்திய தலைமுறை ஒன்று இருந்தது. பின்னர்ப் பல ஆலைகள் நலிந்து மூடப்பட்டன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகளும் 2020 மார்ச்சில் கொள்ளைநோய் ஊரடங்கின்போது நின்றன. சிங்காநல்லூரில் 1980களில் வீட்டுவசதி வாரியம் கட்டிய 960 அடுக்கு வீடுகளும் பழுதுற்று, கூரைக் காரை பெயர்ந்து விழுந்து, மக்கள் படிப்படியாக வெளியேறும் நிலை ஏற்பட்டது. பாழ்மனை பற்றிய ஆய்வுக்குக் கோவை மாணவர் இலண்டனுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அவையோர் இசைவு வேண்டுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது ஓர் ஆலையின் லைன் வீட்டில். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் குறுந்திண்ணை, பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். என் அத்தா இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வாலையில் நூற்புப் பகுதியில் பணிபுரிந்தார். ஆலை நின்றது. நிலுவைத் தொகை வந்து சேரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்தோம். கதவு நிலைகளும் ஓடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. இன்று அங்கே சீமைக்கருவேல் வளர்ந்து நிற்கிறது.

சனாதனனின் தோம்பு பற்றி வகுப்பில் பாடம் நடத்திய நாளன்று மாலை, அத்தாவிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, நம் பழைய வீட்டை வரைந்து தாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன். நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டை வரையவில்லை. முதலில் குழாயை வரைந்தார். பிறகு லைன் முழுவதையும் பன்னிரண்டு கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் எழுதினார். முஸ்லிம் பெயர், கவுண்டர் வீட்டுப் பெயர், அருந்ததியர் வீட்டுப் பெயர், பாலக்காட்டிலிருந்து வந்த கிறித்தவர் பெயர் என எல்லாம் அவ்வரிசையில் இருந்தன. எங்கள் வீடு ஏழாவது கட்டம். அதில் அம்மாவின் தையல் இயந்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்பதாவது கட்டத்தில் பேனா நின்றது. "நெஞ்சுக்குள்ள இருக்குது, வாய்ல வரமாட்டேங்குது. அவரு மகன் பீளமேட்டுல இருக்கான். கேட்டுத்தான் எழுதணும். நாமளா ஒரு பேரை எழுதிடக் கூடாது" என்றார்.

அக்கட்டம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. முற்றுப்பெறாத தோம்பு என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. கலை விமரிசனம் பயிலாத ஒரு ஆலைத் தொழிலாளி, கலைஞர்க்குரிய முதல் அறத்தைச் சொல்லிவிட்டார். பிறர் வீட்டில் நாமாக ஒரு பெயரை எழுதிவிடக் கூடாது.

மதிப்பிடும் முறை

மேற்கண்ட சான்றுகளால் பாழ்மனைக் கலையை மதிப்பிட மூன்று வினாக்கள் கிடைக்கின்றன.

ஒன்று: அது யாருடைய வீடு என்பது படைப்பில் தெரிகிறதா? தெரியாவிடின், அஃது இடிபாட்டின் அழகை மட்டும் நுகரும் காட்சியாகிவிடும்.

இரண்டு: பேசுபவர் யார்? கலைஞர் மட்டுமே பேசுகிறாரா, வாழ்ந்தவரும் பேசுகிறாரா?

மூன்று: படைப்பு முடிந்தபின் அது யாரிடம் சேர்கிறது? அருங்காட்சியகத்தில் மட்டும் தங்குகிறதா, அன்றி வீடிழந்தவர் பேரப்பிள்ளைகளும் அதனைக் கண்டு தம் வரலாறு என்று சொல்லிக்கொள்ள இயலுமா?

இவ்வினாக்களுக்கு முழுமையான விடை தராத படைப்புகளும் சிறந்தவையாக இருக்கலாம். வைட்ரெட்டின் வீடு ஒரு சொல்லும் பேசவில்லை. எனினும் வெற்றிடத்துக்கு உருக்கொடுத்ததன் வாயிலாகவே இங்கு வாழ்ந்தவர் எங்கே என்ற வினாவைக் காண்போர் நெஞ்சில் எழுப்பியது. அளவுகோல் என்பது தண்டிப்பதற்கன்று, நோக்குவதற்கே.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

தமிழ்த்துறை மாணவர் இதனை ஏட்டளவில் நிறுத்தாமல் செய்துபார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கான வழிமுறை எளியது.

முதலாவதாக, தம் குடும்பத்திலோ தெருவிலோ லைன் வீடு, வாரிய வீடு, தோட்டத்துச் சாளை ஆகியவற்றில் வாழ்ந்து நீங்கிய முதியவர் ஒருவரைக் காண வேண்டும். அவர் விருப்பம் அறிந்த பின்னரே பேச வேண்டும். பழுதுற்ற கட்டடங்களுக்குள் நுழைதல் உயிருக்கு ஆபத்து. நமக்கு வேண்டியது கட்டடம் அன்று, நினைவே.

இரண்டாவதாக, வீட்டின் தரைப்படத்தை அவர் கையாலேயே வரையச் செய்ய வேண்டும். கோடு கோணினால் திருத்தக் கூடாது. அவர் சொல்லும் சொற்களை அவர் வழக்கிலேயே எழுத வேண்டும். ஆசாரம், அட்டாலி, பொடக்காளி, தொண்டுப்பட்டி போன்ற கொங்கு வழக்குச் சொற்கள் இவ்வகையில் கிடைக்கும். வீடு அழிந்தால் அவ்வீட்டின் உறுப்புகளைக் குறித்த சொற்களும் அழிகின்றன என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது.

மூன்றாவதாக, ஒரு மாலைப்பொழுதில் கல்லூரி மைதானத்தில், கபடிக் களத்துக்குக் கோடிடுவது போலச் சுண்ணாம்புத் தூளால் அவ்வீட்டை அதன் முழு அளவில் வரைய வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை எவ்வளவு சிறியது என்பது அப்போது விளங்கும். அதனுள் எத்தனை பேர் உறங்கினர் என்பதை முதியவர் அக்கோட்டுக்குள் நின்று சொல்ல, மாணவர் அங்கே படுத்தும் அமர்ந்தும் இடத்தை நிரப்பிக் காட்ட வேண்டும். அதுவே நிறுவல் கலை, அதுவே நிகழ்த்துகலை. அடுத்த மழைக்குச் சுண்ணாம்பு கரைந்துவிடும். தாள்களோ துறை நூலகத்தில் கோப்பாக இருக்கும்.

முடிவுரை

பாழ்மனையைப் பாடிய சங்கப் புலவரும், சுவட்டருகே ஒட்டகத்தை நிறுத்திய அரபுக் கவிஞரும், சன்னலில் முகம் பதித்த இலண்டன் கலைஞரும், தோம்பு எழுதிய யாழ்ப்பாணத்து ஓவியரும் காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்டோர். இங்கு வாழ்ந்தவர் எங்கே என்னும் ஒரே வினாவால் அவர்கள் ஒன்றுபடுகின்றனர். அவ்வினாவைக் கேளாத கலை அழகியதாகலாம், நன்றியுடையதாகாது.

கோவையின் லைன் வீடுகளில் வாழ்ந்தோர் பலர் எழுபதும் எண்பதும் கடந்தவர். அவர்கள் நினைவில் உள்ள வீடுகளுக்கு வேறு படி இல்லை. இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் ஒரு தாளும் ஒரு பேனாவுமாக ஒரு முதியவர் அருகே அமர்வாராயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும். எங்கள் லைனின் ஒன்பதாம் வீட்டுக்காரர் பெயரை அறிந்த பெரியோர் இதனைப் படிக்க நேர்ந்தால், என் அத்தாவிடம் வந்து சொல்ல வேண்டுகிறேன். அவர் இன்னும் அத்தாளை மடிக்காமல் வைத்திருக்கிறார்.